காற்று வாங்கப் போன எடை

1.

போன வாரம் எங்கள் கேம்பரை விற்றேன். அது என்னவென்று ஊரில் இருக்கும் உங்களுக்கு முதலில் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் நான் ஏதோ கப்பலை விற்றதுபோல நினைத்துக்கொள்வீர்கள். கடலூரில் குட்டி யானை ஓடுகிறதே, பின்பக்கம் திறந்த சின்னச் சரக்கு வண்டி, அதற்குப் பெரியப்பா முறையில் கனடாவில் ஒரு வண்டி உண்டு. பிக்கப் என்பார்கள். முன்னால் ஐந்து பேர் உட்காரலாம், பின்னால் தொட்டி. அந்தத் தொட்டியில் அப்படியே ஏற்றி வைக்கிற ஓர் அறைதான் கேம்பர். கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்காரக்கூடிய ஒரு கழிவறை, எல்லாம் அதற்குள் இருக்கும். வேண்டாத நாளில் நான்கு காலை ஊன்றி வீட்டு வாசலில் நிற்கும். வேண்டிய நாளில் வண்டியைப் பின்னால் எடுத்து அதன் அடியில் நுழைத்தால் முதுகில் ஏறிக்கொள்ளும்.

வாங்க வந்த இளைஞன் கேட்ட முதல் கேள்வி, இதன் உண்மையான எடை என்ன என்பது. கம்பெனிக்காரன் அச்சடித்த எடையை நம்ப மாட்டானாம். விவரமான ஆள். "எடை மேடைக்குக் கொண்டுபோய் நிறுத்திப் பார். குடும்பத்தையும் உட்கார வைத்து நிறுத்து. முக்கியமாக, எடை போடும் நேரத்தில் குடும்பம் உள்ளேதான் இருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்" என்றேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். அவனுக்குச் சிதம்பரத்தில் மாமனார் வீடு இல்லை. அவனுக்கு எப்படிப் புரியும்?

2.

நாங்கள் செம்மண்டலத்தைக் காலி செய்துகொண்டு ஆல்பர்ட்டாவுக்கு வந்தது 2006-ல். மகள் கயலுக்கு அப்போது பத்து வயது. வந்த புதிதில் பள்ளிக்கூடத்தில் நடந்ததையெல்லாம் வாய் ஓயாமல் தமிழில் கொட்டுவாள். மூன்று வருடத்தில் அவளுடைய தமிழ் மூன்று சொல்லாகச் சுருங்கிவிட்டது. "ம்", "சாப்ட்டேன்", "தெர்ல". மற்றதெல்லாம் அவள் அறைக் கதவுக்குப் பின்னால் இங்கிலீஷில் நடந்தது.

2009-ல் என் மாமனாரும் மாமியாரும் ஆறு மாத விசாவில் வந்தார்கள். மாமா அண்ணாமலை நகரில் ஆபீஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாங்கள் கடலூரில் இருந்தவரை கயல் பாதி நாள் அவருடைய குவார்ட்டர்ஸில்தான் வளர்ந்தாள். அவர் தோளில் ஏறி உட்கார்ந்துதான் தேரே பார்ப்பாள். அதே பெண் இங்கே அவருக்குப் பக்கத்தில் அதே சோபாவில் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருப்பாள். மாமா ஜன்னல் வழியாகப் பனியைப் பார்ப்பார். அது உருகிய பிறகு, பனி இருந்த இடத்தைப் பார்ப்பார்.

"மாப்ள, இந்த ஊர்ல மனுசங்க உண்டா?" என்று ஒருநாள் கேட்டார். உண்டு, காருக்குள்ளே இருக்கிறார்கள் என்றேன்.

விசா முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் என்றபோது எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இப்படியே போனால் அவர்கள் விமானம் ஏறும்போது கயல் "பை" என்று இங்கிலீஷில் சொல்லிக் கையாட்டிவிட்டு மறுபடி போனைப் பார்ப்பாள், மாமா அதைப் பார்த்துக்கொண்டே போவார். அதை என்னால் தாங்க முடியாது என்று தோன்றியது. ஐந்து பேரும் ஒரு வாரம் ஒரே இடத்தில் அடைந்து கிடக்க வேண்டும், அவள் மூடிக்கொள்ளக் கழிவறைக் கதவைத் தவிர வேறு கதவு இருக்கக்கூடாது. அதற்காகத்தான் பழைய கேம்பர் ஒன்றைப் பார்த்து வாங்கினேன். மனைவி மலரிடம் மட்டும் மலைக் காற்று, இயற்கை என்று வேறு காரணம் சொன்னேன்.

கேம்பருக்காகக் காப்பீட்டு ஆபீசுக்குப் போன் செய்தபோது அங்கிருந்த பெண், நிரந்தரமாக வண்டியோடு இருப்பதா, அவ்வப்போது வந்து போவதா என்று கேட்டாள். பக்கத்தில் மாமியார் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "ஆறு மாத விசாதான்" என்று சொல்லிவிட்டேன். கேம்பருக்கு எதற்கு விசா என்று அவள் கேட்டாள்.

3.

பிக்கப்பின் டிரைவர் கதவைத் திறந்தால் விளிம்பில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்று அதில் எழுதியிருக்கும். எங்கள் வண்டிக்கு ஆயிரத்து அறுநூற்று ஐம்பது. கேம்பரின் எடை ஆயிரத்து எண்பது என்று அதன் பின்பக்கத்தில் ஒட்டியிருந்தது. ஐந்நூற்றுக்கு மேல் மிச்சம், தாராளம் என்று நினைத்தேன்.

என்னோடு வேலை பார்ப்பவர் ஒருவர் பல வருடமாகக் கேம்பரில் சுற்றுகிறவர். அவர் சிரித்தார். கம்பெனிக்காரன் போட்ட எடை, பிறந்த மேனிக்கு இருக்கும் கேம்பரின் எடையாம். பேட்டரி, கேஸ் சிலிண்டர், நான்கு ஊன்று கால், பிரிட்ஜ், மேலே ஏசி எதுவும் அதில் சேராது. இன்னும் இருநூறு கிலோ சேர்த்துக்கொள் என்றார். அதற்கு மேல் தொட்டி நிறையத் தண்ணீர் பிடித்தால் அது ஒரு நூற்றுப் பத்து. போதாக்குறைக்கு நாங்கள் ஐந்து பேர்.

சரி, ஆட்களின் எடை தெரிய வேண்டும் என்று குளியலறை எடை மெஷினை ஹாலுக்குக் கொண்டுவந்து வைத்தேன். கடலூர் பஸ் ஸ்டாண்டில் காசு போட்டு ஏறி நின்றால் சுற்றி நிற்கிற நாலு பேரும் எட்டிப் பார்த்து நம் எடையைப் பற்றிக் கருத்துச் சொல்வார்கள். அந்தப் பழக்கத்தில் செய்துவிட்டேன். மாமா ஏறினார். அத்தை, வயசான காலத்தில் நிறுத்துப் பார்த்தால் கண்ணு பட்டுவிடும் என்று கொஞ்சம் பிகு செய்துவிட்டு, வளையலைக் கழற்றி வைத்துவிட்டு ஏறினார். பதிமூன்று வயதுப் பெண்ணை எல்லார் முன்னாலும் எடை மெஷினில் ஏறச் சொல்வது இந்த ஊரில் ஏறக்குறையக் குற்றம் என்பது எனக்கு அப்போது தெரியாது.

"அம்பது. அம்பதுன்னு எழுதிக்க. நான் வரலைன்னா உனக்கு அம்பது கிலோ மிச்சம்ப்பா. எல்லாருக்கும் ஈஸி" என்றாள் கயல். நீண்ட நாளுக்குப் பிறகு அவள் பேசிய முழுத் தமிழ் வாக்கியங்கள் அவை. பேசிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"புள்ள எளைச்சிட்டா தம்பி. அம்பத்தஞ்சாவது இருக்க வேணாமா?" என்றார் அத்தை.

அத்தை கட்டிய மூட்டைகளும் சேர்ந்தன. அரிசி ஒரு சிப்பம், கிரைண்டர், இட்லிக் குண்டான், புளிக்காய்ச்சல், மிளகாய்த்தூள் டப்பாக்கள். மலை உச்சியில் எதற்கு அத்தை கிரைண்டர் என்று கேட்டேன். "அங்க மாவு விப்பானா?" என்றார். விற்க மாட்டான் என்றேன். "அப்பறம்?" என்றார். இதற்கு எந்த ஸ்டிக்கரிலும் பதில் கிடையாது.

தண்ணீரை விட்டுவிட்டுக் கூட்டினாலும் ஸ்டிக்கரைத் தாண்டியது. கயலைக் கழித்தால் மட்டும் ஏறக்குறைய விளிம்பில் நின்றது. யாருக்காகக் கேம்பர் வாங்கினேனோ அவளை இறக்கிவிட்டால்தான் வண்டி போகும் என்பது கணக்கு. எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

4.

இந்த இடத்தில் பிச்சாவரம் ஷேர் ஆட்டோவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

2005-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிதம்பரத்திலிருந்து படகு ஏறப் பிச்சாவரம் போனோம். மாமாதான் கூட்டிப்போனார். டிரைவரோடு பத்துப் பன்னிரண்டு பேர். டிரைவர் பாதி உடம்பை வெளியே தொங்கவிட்டு ஓட்டினார். அவர் சீட்டின் மீதிப் பாதியில் ஒரு மீன்கூடைக்கார அம்மா. ஒரு வளைவுக்கு முன்னால் ஆட்டோ வேகம் குறைந்தது. எதிரே வந்த சைக்கிள்காரர் ஒருவர் கையால் ஏதோ ஜாடை காட்டிவிட்டுப் போயிருந்தார். டிரைவர் வாயே திறக்கவில்லை. ஆட்டோவில் இருந்தவர்கள் தாங்களாகவே இறங்கினார்கள். மீன்கூடை இறங்கியது. மாமா இறங்கினார். கயலையும் இறக்கினார். எல்லாரும் ரோட்டோரமாகச் சம்பந்தமே இல்லாதவர்கள் மாதிரி நடந்தோம். வளைவில் வண்டிகளை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்த போலீஸ்காரர் மூன்றே பேர் உட்கார்ந்திருந்த அந்த ஒழுக்கமான ஆட்டோவைப் போகச் சொன்னார். எங்களையும் பார்த்தார். நாங்கள் கூட்டமாக, மீன்கூடையோடு, வயல் நடுவில் நடந்துகொண்டிருந்தோம். அவரும் ஒன்றும் கேட்கவில்லை. வளைவைத் தாண்டி ஆட்டோ காத்திருந்தது.

"ஏன் தாத்தா எறங்குனோம்?" என்று கயல் கேட்டாள்.

"காத்து வாங்கடி கண்ணு" என்றார் மாமா.

எங்கள் பக்கத்தில் யாரும் யாருக்கும் கற்றுக்கொடுக்காத வித்தை இது. சோதனை என்று ஒன்று எதிரே வந்தால், கூடுதலாக இருப்பவர்கள் இறங்கிக் கொஞ்ச தூரம் காற்று வாங்க வேண்டும். சோதனை முடிந்ததும் ஏறிக்கொள்ளலாம். இதில் யாருக்கும் கோபமில்லை, வெட்கமுமில்லை.

5.

கிளம்பும் நாள் காலையில், ஊருக்கு வெளியே இருக்கும் தானியக் கிடங்கின் எடை மேடையில் வண்டியை ஏற்றினேன். கயல் வந்திருந்தாள். அவளை வரவழைக்க அவள் அம்மா என்ன வாக்குறுதி கொடுத்தாள் என்று நான் கேட்கவில்லை. எடை அதிகமாக இருந்தால் அங்கேயே கிரைண்டரையோ அரிசியையோ இறக்கிவிடுவது என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டு, ஆபீஸ் அறைக்குள் போனேன். அங்கே உட்கார்ந்திருந்தவர் கணினியைப் பார்த்து ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். நான் பயந்ததைவிட முந்நூறு கிலோவுக்கு மேல் குறைவு. என் எடையைச் சேர்த்தாலும் இடம் பாக்கி இருந்தது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. கூட வேலை பார்ப்பவர் என்னைச் சும்மா பயமுறுத்தியிருக்கிறார். மனக்கணக்கு பிசகலாம், எடை மேடை பிசகுமா? வெளியே வந்து பார்த்தேன், எல்லாரும் அவரவர் இடத்தில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தார்கள். "பாஸா மாப்ள?" என்றார் மாமா. "பாஸ் மாமா" என்றேன். அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. அந்தத் திருப்தியை நான் கொஞ்சம் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக வழியில் ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தி, தண்ணீர்த் தொட்டியை விளிம்பு வரை நிரப்பினேன்.

சமவெளியில் ஒன்றும் தெரியவில்லை. மலைச் சாலை தொடங்கியதும் ஸ்டீரிங் லேசாகிவிட்டது. முன் சக்கரம் ரோட்டைத் தொடுவதா வேண்டாமா என்று யோசிப்பது போலிருந்தது. எதிரே வந்தவர்கள் என் முகப்பு விளக்கு கண்ணில் அடிப்பதாகத் திட்டினார்கள், கையால். முதல் இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபோது ஒரு தீய்ந்த நாற்றம் வந்தது. "ஏதோ கருகுதுல்ல?" என்று அத்தை புளிக்காய்ச்சல் டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தார்.

ஏரிக்கரையில் நாங்கள் தங்க வேண்டிய இடத்துக்கு, நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து ஒரு சரளைப் பாதை செங்குத்தாக இறங்கியது. அதன் மேட்டில் வண்டியை ஓரம்கட்டி இறங்கிப் பார்த்தேன். வண்டி பின்பக்கமாக உட்கார்ந்திருந்தது. பின் டயர்கள் பிதுங்கியிருந்தன. சீட்டை எடுத்து மறுபடி பார்த்தேன்.

"இந்தச் சீட்டுல போட்டுருக்கிற எடைக்கு வண்டி இப்படி உக்காரக்கூடாது மலர். என்னவோ தப்பா இருக்கு."

"அது காலி வண்டி எடைதானே தம்பி" என்றார் அத்தை, உள்ளே இருந்தபடியே. "நாங்கதான் எறங்கிட்டோம்ல."

நான் மாமாவைப் பார்த்தேன். அவர் ரொம்ப சாதாரணமாகச் சொன்னார். "நீங்க ஆபீசுக்குள்ள போனீங்க. செக்கிங்குனு சொன்னீங்க, ஜாஸ்தியா இருந்தா வுட மாட்டான்னீங்க. நான் எல்லாத்தையும் எறக்குனேன். அரிசி, கிரைண்டரு, அந்தக் குண்டானு எல்லாம். அந்தாண்ட செவுத்தோரம் நின்னோம். நீங்க வர்றதுக்குள்ள ஏத்திட்டேன்."

மலர் எம்.எஸ்சி. பிசிக்ஸ். அவளைப் பார்த்தேன். "எல்லாரும் எறங்குனாங்க. நானும் எறங்கிட்டேன். எறங்கும்போது தப்பாவே தோணலைங்க" என்றாள்.

அந்தக் கிடங்கில் எங்களைப் பிடிக்க ஒருவரும் இல்லை. அபராதம் போடவும் ஆள் இல்லை. ஏமாற்றப்பட்ட ஒரே ஆள் நான்தான், அதுவும் என் பிரேக்கை வைத்து விளையாடியிருக்கிறார்கள். சத்தம் போட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். வயதானவர்களிடம் என்னவென்று சத்தம் போடுவது? மடையைத் திறந்து தொட்டித் தண்ணீர் முழுவதையும் வெளியே விட்டேன். "நல்ல தண்ணிய இப்படி ஊத்துறாரே" என்று அத்தை அங்கலாய்த்தார். தண்ணீர் போன பிறகும் என் பழைய கணக்குப்படி ஐம்பது கிலோ அதிகம். நெடுஞ்சாலைக்குத் திரும்ப அங்கே வண்டியைத் திருப்பவும் இடமில்லை.

அப்போதுதான் கயல் காதிலிருந்த பாட்டுக் கருவியைக் கழற்றினாள். "நான்தான் அப்பவே சொன்னேன்ல. என்ன எறக்கி விடுங்க. மேல ஹைவேல ஒரு ஸ்டோர் பாத்தோம்ல, அங்க நிக்கறேன். திரும்பி வர்றப்ப கூட்டிட்டுப் போங்க. நான்தானே இங்க எக்ஸ்ட்ரா."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. கணக்கு ஒப்பிப்பது மாதிரி சொன்னாள்.

மாமா பேசாமல் கதவைத் திறந்தார், இறங்கினார். கிரைண்டரின் கல்லைத் தனியாகக் கழற்றித் தோளில் வைத்தார். "மாப்ள, எறக்கத்துல காலி வண்டியா நீங்க மட்டும் மெதுவா ஓட்டிட்டுப் போங்க. லோடு பொறத்தால நடந்து வரும்." பிறகு கயல் பக்கம் திரும்பினார். "நீ எக்ஸ்ட்ரான்னா நானு? ஒங்க ஆயா? எல்லாம் எக்ஸ்ட்ராதான். எறங்குடி கண்ணு, காத்து வாங்கிட்டு வரலாம்."

அவள் இறங்கினாள். இட்லிக் குண்டானைத் தூக்கிக்கொண்டாள்.

முதல் கியரில் ஊர்ந்து இறங்கினேன். கேம்பர் பின்கண்ணாடியை மறைத்துக்கொண்டிருந்தது. பக்கக் கண்ணாடியில் மட்டும் அவ்வப்போது தெரிந்தார்கள். மலரும் அத்தையும் அரிசிச் சிப்பத்தை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு, மாமா தோளில் கல்லோடு, கயல் தலையில் குண்டானைக் கவிழ்த்துக்கொண்டு. ராக்கி மலையில் அப்படி ஓர் ஊர்வலம் அதற்கு முன் போயிருக்காது. மேலே ஏறி வந்த ஒரு கார்க்காரர் நிறுத்தி, உதவி வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். "நோ சார். ஒன்லி ஏர்" என்றாராம் மாமா.

நான் கீழே போய்ச் சேர்ந்து வெகுநேரம் கழித்துத்தான் வந்தார்கள். கயல் பேசிக்கொண்டே வந்தாள். பாதி இங்கிலீஷ், பாதி தமிழ், மாமாவுக்குப் பாதிதான் புரிந்திருக்கும். என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். "ஒண்ணும் இல்லியே" என்றார்கள் இரண்டு பேரும்.

6.

அந்த வாரத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மழை பெய்தது. கொசு பிச்சாவரத்தை மிஞ்சியது. கயல் போனுக்கு அங்கே சிக்னல் இல்லை என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள், பிறகு மறந்துவிட்டாள். திரும்பும்போது எடையைக் குறைக்க அரிசியைத் தின்று தீர்ப்பது என்று முடிவெடுத்தோம். மூட்டையிலிருந்து எங்கள் வயிற்றுக்கு மாறினால் வண்டியில் எடை குறையாது என்று மலரின் பிசிக்ஸ் அப்போதுதான் விழித்துக்கொண்டு சொன்னது. எனவே அத்தை பக்கத்துக் கூடாரக்காரர்களுக்கெல்லாம் இட்லி ஊற்றிப் போட்டார். எங்கள் சரக்கு பல வண்டிகளில் பிரிந்து மலையேறியது. ஏற்றத்தில் மிச்ச ஆட்கள் மறுபடி காற்று வாங்கினார்கள்.

7.

ஆகஸ்ட் கடைசியில் மாமாவையும் அத்தையையும் வழியனுப்ப விமான நிலையம் போனோம். பெட்டிகளை வீட்டிலேயே நிறுத்துக் கட்டியிருந்தேன், பெட்டியும் கையுமாக ஆட்களைக் குளியலறை மெஷினில் நிற்க வைத்தே. ஆனால் கைப்பையும் ஏழு கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்பதை மறந்துவிட்டேன். வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்றவருடைய கைப்பையை வாங்கி அந்த கவுண்டர் பெண் எடை போட்டாள். அத்தையின் கைப்பையை நான் தூக்கிப் பார்த்தேன். உள்ளே இரும்புத் தோசைக்கல். தள்ளுபடி விலையில் கிடைத்ததாம். சிதம்பரத்தில் கிடைக்காத தோசைக்கல்.

என்ன செய்வது என்று நான் முழித்துக்கொண்டிருந்தபோது, போனைப் பார்த்துக்கொண்டிருந்த கயல் தலையை நிமிர்த்தினாள். கவுண்டரைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள். போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, ஆயாவின் தோளிலிருந்து பையை மெல்லக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, வரிசையை விட்டு நடக்கத் தொடங்கினாள். எங்களுக்கும் அவளுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாத மாதிரி.

"எங்கம்மா போற?"

திரும்பிப் பார்க்காமல் சொன்னாள். "காத்து வாங்கிட்டு வர்றேன்ப்பா."

அது ஒரு ஜன்னல்கூடத் திறக்காத கண்ணாடிக் கட்டடம். காற்றுக்கு அங்கே எங்கே போவது? அவள் ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்று விளம்பரப் பலகை ஒன்றை ஆழ்ந்து படிக்க ஆரம்பித்தாள். மாமா அவளைத் திரும்பியே பார்க்கவில்லை. முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு, "நோ மோர் பேக், மேடம்" என்றார் கவுண்டர் பெண்ணிடம்.

மகள் கையை விட்டுப் போய்விட்டாள் என்று மூன்று வருடமாகப் புலம்பிக்கொண்டிருந்த நான், அவள் செய்த முதல் தில்லுமுல்லைப் பார்த்துக் கண் கலங்கி நின்றேன். மலர் என் கையைப் பிடித்து அழுத்தினாள். போர்டிங் பாஸ் வாங்கி முடித்ததும் தூணுக்குப் பின்னாலிருந்து கயல் வந்தாள், பையை ஆயாவின் தோளில் மாட்டிவிட்டாள், தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு சோதனை வாசல் வரை பேசிக்கொண்டே போனாள்.